பதுவாவில் இரண்டு மாலைகள்: மாநாட்டு விருந்தினர்களுக்கான நடைப்பயணம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெனிஸிலிருந்து மேற்கே ரயிலில் அரை மணி நேரம் போனால் பதுவா. 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஓவியர் ஜோத்தோ சுவரோவியங்கள் வரைந்த ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம், புனித அந்தோணியார் பேராலயம், 1545இல் மூலிகைப் பாடத்துக்காக அமைத்த தாவரவியல் தோட்டம் எல்லாம் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. மாநாடு நடத்துகிறவர்களுக்கு இந்த ஊர் பிடித்துப்போக இது ஒரு முக்கியக் காரணம். பேருந்து பிடித்து வெளியூர் கூட்டிப்போக வேண்டியதில்லை; மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் போதும் என்று தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் இங்கே ஒரு சிறிய மருத்துவ மாநாடு நடந்தது. அதன் உள்ளூர் ஏற்பாட்டுக் குழுவில் நடைப்பயணம் என் பொறுப்பு. ஏறத்தாழ எண்பது பேர் நடைக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு ஜூன் 11 மாலை, மீதிப் பேருக்கு 12 மாலை. மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வு மாணவர்கள், சிலருடைய கணவர் அல்லது மனைவி என்று கலவையான கூட்டம். முப்பது வயதுக்காரர்களும் இருந்தார்கள், எழுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள்.

தேதியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தோணியார் 1231 ஜூன் 13 அன்று பதுவாவை ஒட்டிய அர்ச்செல்லாவில் இறந்தார். அந்த நாள் இந்த நகரத்தின் பெரிய திருவிழா, நகர விடுமுறை. அதற்கு முந்தைய 13 நாளும் பேராலயத்தில் வழிபாடு நடக்கும். உலகின் பல மூலைகளிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்து குவிவார்கள். உவரியிலும் புளியம்பட்டியிலும் அந்தோணியார் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். மாநாட்டுத் தேதி அரங்கு கிடைப்பதைப் பொறுத்து முடிவானது. திருவிழா வாரம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் நடைப்பயணத்தை அது எப்படிப் பாதிக்கும் என்ற கேள்வி கூட்டங்களில் வரவே இல்லை.

முதல் திட்டம்

பாதையை வகுத்தபோது எங்களைக் கட்டிப்போட்டவை இரண்டு கடிகாரங்கள்.

ஒன்று ஸ்க்ரோவெஞ்ஞி. முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒரு தடவைக்கு 25 பேர் மட்டும். முதலில் கண்ணாடிச் சுவர் கொண்ட ஒரு காத்திருப்பு அறையில் 15 நிமிடம் உட்கார வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ஈரப்பதமும் தூசியும் ஓவியங்களைத் தாக்காமல் இருக்க அங்கே காற்றைச் சீராக்குகிறார்கள். அப்புறம் கதவு திறக்கும், சிற்றாலயத்துக்குள் 15 நிமிடம். அடுத்த குழு அதற்குள் காத்திருப்பு அறைக்கு வந்திருக்கும். தாமதமாக வருகிறவரை நடுவில் சேர்க்க வழியே இல்லை, சேர்க்கவும் கூடாது. எழுநூறு ஆண்டு தாண்டிய சுவர் அது. இரு நாளும் மாலை ஆறே காலுக்கு ஒரு குழு, ஆறரைக்கு ஒரு குழு என்று பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தோம்.

இன்னொன்று பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான போ மாளிகை. அங்கே 1595இல் கட்டிய உடற்கூறு அரங்கு இருக்கிறது. அவர்களே நேரம் குறித்து, அவர்களுடைய ஆள் துணையோடுதான் உள்ளே விடுவார்கள். ஐந்து மணிக்குப் பதிவு.

இவற்றை வைத்துப் போட்ட பாதை காகிதத்தில் அழகாகவே இருந்தது. மாநாட்டு அரங்கு ரயில் நிலையப் பக்கம், நகரின் வடக்கே. அங்கிருந்து பேருந்தில் தெற்கே ப்ராத்தோ தெல்லா வாலே சதுக்கத்துக்குப் போய் இறங்குவது. பேராலயம், போ மாளிகை, சந்தைச் சதுக்கங்கள் என்று வடக்கு நோக்கி நடந்து வருவது. கடைசியில், உச்சமாக, ஜோத்தோ. முடிந்ததும் விடுதி பக்கத்திலேயே. நடை மொத்தம் இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். இத்தாலியில் உரிமம் பெற்றவர்தான் குழுவுக்கு விளக்கம் சொல்லலாம் என்பதால் இரண்டு வழிகாட்டிகளை அமர்த்தினோம், ஆளுக்கு இருபது பேர். இருவரும் ஊர்க்காரர்கள், நல்ல அனுபவசாலிகள்.

11ஆம் தேதி மாலையில் கண்டவை

கடைசி அமர்வில் கேள்விகள் நீண்டதால் இருபது நிமிடம் தாமதமாகத்தான் பேருந்து கிளம்பியது. வெயில் தாழவில்லை. ப்ராத்தோ தெல்லா வாலே ஐரோப்பாவின் மிகப் பெரிய சதுக்கங்களில் ஒன்று. நடுவே நீள்வட்டக் கால்வாய், அதன் இரு கரையிலும் 78 சிலைகள். படத்தில் பிரமாதமாக இருக்கும் அந்தத் திறந்தவெளி, ஜூன் மாதம் நான்கு மணிக்கு நின்று கதை கேட்கும் இடமல்ல. முன்னால் நின்ற ஏழெட்டுப் பேருக்கு மட்டும் வழிகாட்டியின் குரல் கேட்டது. மற்றவர்கள் மரநிழலைத் தேடிப் பிரிந்தார்கள்.

பேராலயத்தில் வேறு சிக்கல். தோள் மறைக்காமல் உள்ளே போகக்கூடாது. மாநாட்டு உடை மாற்றிக் கோடை உடையில் வந்த இரண்டு பேருக்குச் சால்வை தேடி அலைந்தோம். உள்ளே உரத்துப் பேசி விளக்கம் சொல்லக்கூடாது என்பதால் வழிகாட்டிகள் வாசலிலேயே சொல்லிவிட்டு அனுப்பினார்கள். உள்ளே யாத்திரிகர் கூட்டம். அந்தோணியாரின் கல்லறைக்குப் பின்புறம் வரிசையில் வந்து, கல்லில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிச் சில நொடி நின்று நகர்கிற மக்கள். கழுத்தில் மாநாட்டு அட்டை தொங்கும் எங்கள் ஆட்கள் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றதைப் பார்க்க இரு தரப்புக்காகவும் சங்கடமாக இருந்தது. வெளியே எல்லோரையும் எண்ணிச் சேர்க்க நேரம் பிடித்தது.

பேராலயத்திலிருந்து நகர மையத்துக்கு வரும் தெருவில் இரு பக்கமும் தூண் வரிசை கொண்ட கூரை நடைபாதை உண்டு. நிழல் நன்றாக இருக்கும், ஆனால் இருவர் இருவராகத்தான் போக முடியும். தெருவிலோ கூழாங்கல் பாவியிருக்கும். மேடையில் பேசிவிட்டு அதே தோல் காலணியோடு, குதியுயர்ந்த செருப்போடு வந்தவர்கள் அந்தக் கல்லில் மெதுவாகத்தான் நடந்தார்கள். இருபது பேர் கொண்ட குழு ஒரு தெரு நீளத்துக்கு இழுபட்டது.

நான் வரிசையின் கடைசியில் நடந்தேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பின்வரிசைக்காரர்கள் ஊரைப் பார்க்கவே இல்லை. காலையில் கேட்ட ஆய்வுரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். வெவ்வேறு நாட்டு மருத்துவர்கள் இருவர், மின்னஞ்சலில் மட்டும் பழகியவர்கள், ஒரு தூணடியில் நின்றே விட்டார்கள். அவர்களை "வாங்க, வாங்க" என்று தொண்டர்கள் விரட்டினார்கள். எனக்கு அது உறுத்தியது. இவர்கள் இவ்வளவு செலவு செய்து இந்த ஊருக்கு வந்ததே அந்தப் பேச்சுக்காகத்தான்.

போ மாளிகையில் எல்லாம் மாறியது. உடற்கூறு அரங்கு ஒரு மரக் கிணறுபோல இருக்கும்: ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆறு நீள்வட்ட அடுக்குகள், ஒவ்வொன்றிலும் செதுக்கிய மரக் கைப்பிடி. மாணவர்கள் நின்றபடியே, கைப்பிடியில் சாய்ந்து, கீழே மேசையில் நடக்கும் அறுப்பைப் பார்ப்பார்கள். இப்போது பார்வையாளர்கள் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள், அதாவது பிணம் கிடந்த இடத்திலிருந்து. உள்ளே போனதும் பேச்சு நின்றது. அரங்கைக் கட்டவைத்த ஃபாப்ரிசியுஸ் சிரைகளின் வால்வுகளைப் பற்றி 1603இல் எழுதியவர். அவரிடம் இங்கே படித்து 1602இல் பட்டம் பெற்றவர் வில்லியம் ஹார்வி. ரத்தம் சுற்றி ஓடுகிறது என்று பிற்பாடு உலகுக்கு நிறுவிய அதே ஹார்வி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றாடம் சிரையில் ஊசி போடுகிறவர்கள். கேள்வி மேல் கேள்வி. யாருக்கும் கிளம்ப மனமில்லை.

கிளம்பியபோது மணி ஆறைத் தொட்டுக்கொண்டிருந்தது. சந்தைச் சதுக்கங்களைப் பார்க்காமலேயே ஓட்டமும் நடையுமாகப் போனோம். ஆறே கால் குழு மூச்சு வாங்க உள்ளே நுழைந்தது. ஆறரைக் குழுவில் ஏழு பேர் பிந்திவிட்டார்கள். அவர்களில் ஒரு வயதான தம்பதி. கணவருக்கு முழங்கால் வலி. மனைவி கலை வரலாறு படித்தவர், ஜோத்தோவுக்காகவே உடன் வந்தவர். அவர்கள் வந்து சேர்ந்தபோது காத்திருப்பு அறைக் கதவு மூடியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. தோட்டத்து இருக்கையில் உட்கார்ந்து கணவரின் காலணியைத் தளர்த்திவிட்டார்.

அன்று இரவு எடுத்த முடிவுகள்

வழிகாட்டிகள் இருவரும் தொண்டர்களும் நானும் உட்கார்ந்து பேசினோம். சிற்றாலயத்தை முதலில் வைத்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் உடனே தோன்றியது. ஜூன் மாதத்தில், ஒரு நாள் முன்னதாக, நாற்பது பேருக்கு வேறு நேரம் கிடைக்காது. போ மாளிகையின் ஐந்து மணியும் அப்படித்தான். நேரத்தைத் தொட முடியாது என்றானபின் மிச்சம் இருந்தது தூரம். அதைத்தான் குறைத்தோம்.

ப்ராத்தோ தெல்லா வாலேயையும் பேராலயத்தையும் பொதுப் பாதையிலிருந்து எடுத்தோம். வழிகாட்டிகளில் மூத்தவர் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தோணியாரைப் பார்க்காமல் பதுவாவைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் 12ஆம் தேதி திருவிழாவின் முந்தைய நாள். கூட்டம் இன்னும் அதிகமாக இருக்கும். வழிபட வந்தவர்களின் வரிசையில் பார்வையாளர் குழு ஒன்றை நுழைப்பது சரியில்லை என்று நான் அழுத்திச் சொன்னேன். வேண்டுமென்பவர்கள் சிற்றாலயம் முடிந்தபின் டிராமில் தனியே போகட்டும் என்று முடிவானது. பதுவாவின் டிராம் ஒற்றைத் தண்டவாளத்தில் ரப்பர் சக்கரத்தோடு ஓடுவது. ரயில் நிலையம், சிற்றாலயம் இருக்கும் எரெமித்தானி, நகர மையம், பேராலயம், ப்ராத்தோ எல்லாம் ஒரே வழியில் வந்துவிடும்.

இரண்டாவது முடிவு, போ மாளிகைக்கும் சிற்றாலயத்துக்கும் நடுவே இடைவெளி விடுவது. போ மாளிகைக்கு எதிரிலேயே இருக்கிறது 1831இல் திறந்த பெத்ரோக்கி காப்பிக்கடை. அதன் பச்சை அறையில் எதுவும் வாங்காமலேயே உட்காரலாம் என்பது பழைய வழக்கம். காசில்லாத மாணவர்களுக்கு அது புகலிடமாக இருந்தது. காலையில் போய்ப் பேசி, எங்கள் குழுவுக்கு மேசை ஒதுக்கச் சொன்னோம். அந்த நேரத்தில் வழிகாட்டி எதையும் விளக்க மாட்டார், பேச வேண்டியவர்கள் பேசட்டும். அமர்வு தாமதமானால் அந்தத் தாமதத்தையும் இந்த இடைவேளை விழுங்கிக்கொள்ளும். அங்கிருந்து சிற்றாலயம் பத்து நிமிட நடை.

மூன்றாவது, குழுவை நடையின் வேகத்தை வைத்துப் பிரித்தோம். யாரையும் வயதானவர் என்றோ முடியாதவர் என்றோ ஒதுக்கிய மாதிரி இருக்கக்கூடாது என்பதால் ஒன்றுக்கு "நிழல் வழி" என்றும் மற்றதற்குச் "சந்தை வழி" என்றும் பெயர் வைத்தோம். நிழல் வழி டிராமில் மையத்துக்கு வந்து, கூரை நடைபாதையிலேயே நடந்து, ஆறே காலுக்குச் சிற்றாலயம் போகும். சந்தை வழி எர்பே சதுக்கத்தையும் ராஜோனே மாளிகையின் கீழே இருக்கும் பழைய அங்காடிக் கடைகளையும் பார்த்துவிட்டு ஆறரைக்கு வரும். காலையில் தேநீர் மேசை அருகே ஒரு தாள் ஒட்டினோம், அவரவர் பெயரை அவரவரே எழுதிக்கொள்ளட்டும் என்று. வழிகாட்டியின் குரல் கேட்க இயர்போன் கருவி வாடகைக்கு எடுத்தோம். தோளை மறைக்கும் துணி, தட்டைக் காலணி, தண்ணீர் பாட்டில் என்று மூன்று வரி அறிவிப்பும் போனது.

மீதி இருந்தது அந்த ஏழு பேர். 12ஆம் தேதிக் குழுக்களில் சில இடங்கள் காலியாக இருந்தன, நாங்கள் பதிவு செய்ததே முழு 25 அல்ல. அந்த நேரங்களுக்கு விற்காத சீட்டு இருந்தவரை வாங்கியும் ஒரு இடம் குறைந்தது. அதைக் கொடுத்தவர் இத்தாலியில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பக்கத்துச் செவிலியர் ஒருவர். "எனக்கு அந்தப் படமெல்லாம் இன்னொரு நாள் பாத்துக்கலாம் தம்பி. கோடி அற்புதர் கல்லறையில கை வச்சுட்டு வந்தா போதும். அம்மாவுக்கு வேண்டுதல் இருக்கு" என்றார். அவரை நடைக்குக் காத்திருக்க வைக்காமல் மதியமே பேராலயத்துக்கு அனுப்பினோம்.

12ஆம் தேதி

கடைசி அமர்வு அன்றும் பிந்தியது. ஆனாலும் போ மாளிகைக்கு இரண்டு குழுவும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தாளில் பெயர் எழுதியவர்களில் எனக்கு வியப்பளித்தது இளைஞர்கள்தான். நிழல் வழியில் பாதிப் பேர் நாற்பது வயதுக்குக் கீழே. முதல் நாள் தோழர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் சேர்ந்ததால் அது முதியோர் குழுவாகத் தெரியாமல் போனது நல்லதாயிற்று.

பெத்ரோக்கியில் கிடைத்தது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான். கூட்டம், இரைச்சல். அப்படியும் ஒரு மேசையில் இரண்டு நாட்டு மருத்துவர்கள் நாப்கினில் ஏதோ வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை.

சிற்றாலயத்தில் மூத்த வழிகாட்டி தன் முறையை மாற்றிக்கொண்டார். முதல் நாள் உள்ளே 15 நிமிடமும் அவர் பேசினார். இந்த முறை வெளியே தோட்டத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்: என்ரிக்கோ ஸ்க்ரோவெஞ்ஞி என்ற செல்வர் கட்டியது, 1305இல் அர்ச்சிக்கப்பட்டது, அவருடைய தந்தையை வட்டிக்காரர் என்று கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தில் வைத்தார். உள்ளே தேடிப் பார்க்க மூன்று விஷயங்களை மட்டும் சொன்னார். யூதாஸ் முத்தமிடும்போது அவனுடைய மஞ்சள் மேலாடை இயேசுவை மூடுவது. இறந்த இயேசுவைக் கிடத்தியிருக்கும் காட்சியில் வானத்துத் தேவதைகள் ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாக அழுவது. கடைசித் தீர்ப்பு ஓவியத்தில் என்ரிக்கோ தன் கட்டடத்தின் மாதிரியைக் கையளிப்பது. மற்றதை உங்கள் கண்ணுக்கு விடுகிறேன் என்றார்.

உள்ளே அந்த 15 நிமிடமும் நிசப்தம். நீல விதானத்தை அண்ணாந்து பார்த்தபடி பலர் நின்றார்கள். முதல் நாள் தவறவிட்ட அந்த அம்மா, குழந்தைகளைக் கொல்லும் காட்சி முன்னே கணவரை நிறுத்தி, தாய்மார்களின் கன்னத்தில் வழியும் கண்ணீர்க் கோடுகளைக் கையால் சுட்டிக் காட்டினார். குழந்தை மருத்துவரான கணவர் நெடுநேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இரு குழுவிலும் ஒருவரும் விடுபடவில்லை. பத்துப் பேர் அளவில் பேராலயத்துக்கு டிராம் ஏறினார்கள்.

பின்விளைவு

கருத்துத் தாள்களில் 12ஆம் தேதிக்காரர்கள் அதிகம் குறிப்பிட்டது ஜோத்தோவையும் உடற்கூறு அரங்கையும். அதற்கடுத்து உட்கார நேரம் விட்டது. குறையும் வந்தது. ஒருவர், அதே கட்டணத்துக்கு முதல் நாள் குழு கூடுதல் இடங்களைப் பார்த்திருக்கிறது என்று எழுதினார். அது உண்மை. ப்ராத்தோவின் அளவு கண்ணில் படாமல் ஊர் திரும்பியவர்களுக்கு அது இழப்புதான். அதை மறைக்காமல் பதில் எழுதினோம். இயர்போன் கருவி தெருவில் உதவியது. பெத்ரோக்கி பக்கம் வேறு குழுவின் அலைவரிசை குறுக்கிட்டது. முதல் நாள் தவறவிட்ட ஏழு பேரில் நான்கு பேர் 12ஆம் தேதி பார்த்தார்கள். மூன்று பேருக்கு விமானம் இருந்தது. அவர்களுக்கு நடைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பணம் அவர்களுக்குப் பெரிதில்லை, அதனால் ஈடாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

கடைசி அமர்வு முடிந்த கையோடு நேரக் கெடு உள்ள இடத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. ஸ்க்ரோவெஞ்ஞியை மாநாடு தொடங்கும் நாள் காலையில் வைக்கலாம். முந்தின நாளே வந்து சேர்கிறவர்கள் அப்போது சும்மாதான் இருப்பார்கள், வெயிலும் குறைவு. அது முடியாவிட்டால், கெடு உள்ள இடத்துக்கு முன்னால் உட்காரும் இடம் ஒன்று கட்டாயம். அந்த இடைவெளியை வேறொரு காட்சியால் நிரப்பும் ஆசை வரும். விடக்கூடாது.

நடக்கும் வேகத்தைப் பதிவுப் படிவத்திலேயே கேட்க வேண்டும், முழங்கால் எப்படி என்று கேட்காமல் "எவ்வளவு தூரம் நடக்க விருப்பம்" என்று. குழு 15 பேருக்கு மேல் போகக்கூடாது என்பது வழிகாட்டிகள் இருவரும் சொன்னது. அந்தக் குறுகிய நடைபாதைகளுக்கு அது சரியான எண். செலவு கூடும். விருந்துச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தாவது இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து, குழுவில் எல்லோருக்கும் உடன்பாடில்லை.

மருத்துவர் கூட்டம் என்றால் தாவரவியல் தோட்டத்தை விட்டிருக்கக்கூடாது. பேராலயத்துக்குப் பக்கத்திலேயே நிழலும் இருக்கையும் உள்ள இடம். 1585இல் நட்ட பனை வகை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பேராலயத்துக்குள் போக விரும்பாதவர்கள் அங்கே காத்திருக்கலாம்.

திருவிழா வாரத்தைத் தவிர்க்க வேண்டுமா என்பதில் மட்டும் நாங்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. 13ஆம் தேதியும் தங்கிய சிலர் மாலை ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று பார்த்தார்கள். மாநாட்டிலேயே அதுதான் மறக்க முடியாதது என்று அவர்களில் இருவர் எழுதினார்கள். எந்தக் குழுவோடும் போகாமல், வழிகாட்டி இல்லாமல், தாங்களாகவே போனவர்கள். அடுத்த கூட்டத்தில் இந்தக் குறிப்பை மேசையில் வைக்கிறேன். தேதியை அதற்கு முன் யாரும் முடிவு செய்துவிட வேண்டாம் என்று தலைவருக்கு எழுதியிருக்கிறேன்.